பெயர் பறிக்கப்பட்ட குடி

ஒரு குடியின் கொடிவழியை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது பெயர். தந்தை பெயர், பாட்டன் பெயர், ஊர்ப்பெயர், குடிப்பெயர் என்னும் இவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டே பழைய தோம்புகளிலும் உறுதிகளிலும் ஓர் இல்லத்தாரைத் தேடிக் காணல் இயலும். அப்பெயரே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டுவிடின் ஆராய்ச்சியாளன் யாது செய்வான்? அரசாணை ஒன்றினால் ஒரு குடியின் பெயர் வழங்கலாகாதென விலக்கப்பட்டு, 1603 முதல் 1774 வரை, இடையே ஒரு முப்பதாண்டு நீங்கலாக, அவ்விலக்கு நிலைபெற்றிருந்த வரலாறு ஸ்கொத்லாந்து தேயத்தில் உண்டு. மக்கிரெகர் குடியாரின் வரலாறே அது.

'கிளான்' என ஆங்கிலத்தில் வழங்குஞ் சொல் கெயிலிக்கு மொழிக்குரியது. அம்மொழியில் அதன் பொருள் 'பிள்ளைகள்' என்பதே. இலத்தீனிற் செடியின் நாற்றைக் குறித்த 'பிளாந்தா' என்னுஞ் சொல்லே பழைய ஐரிசு மொழியிற் புகுந்து இவ்வாறு திரிந்ததென்பர் மொழிநூலார். கான்முளை, கால்வழி, மரபின் கொழுந்து என்றெல்லாம் செடிகொடிகளின்மேல் வைத்துச் சந்ததியைக் கூறுதல் நம் வழக்கமுமாம். ஆகவே கிளான் என்பதற்குப் படையென்றோ கட்சியென்றோ பொருள் கொள்ளாது, ஒரு முதல்வனின் மக்கள் எனக் கொள்வதே பொருந்தும். 'மக்' என்பது மகன் என்னும் பொருட்டு. இதனை நம் 'மக', 'மகன்' என்பவற்றோடு இயைத்துக் காட்டி மகிழ்வாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. ஐரிசு நாட்டுப் பழைய ஓகம் கல்வெட்டுக்களில் அச்சொல் 'மக்கி' என நிற்றலையும், அது கெல்த்திய மொழிகளுள் வளர்ந்த வரலாற்றையும் நோக்குவார் இவ்வகை ஆர்வத்தைச் சற்றே அடக்கிக்கொள்வர். 'மக்கிரெகர்' என்றாற் கிரெகரின் மகன் என்க. மகளாயின் அவள் பெயர் முன் 'மக்' நில்லாது, 'நிக்' நிற்கும்.

யார் அக் கிரெகர்? குடியாரின் பழங்கொள்கை, ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட கென்னத்து மக்கல்பின் என்னும் வேந்தன் மரபில் வந்தவன் அவன் என்பது. 'அரசர்க்குரியது என் மரபு' எனப் பொருள்படும் ஒரு தொடரை இன்றும் தம் இலச்சினைமேற் பொறித்துக்கொள்கின்றனர். தம் குலமுதல்வனை ஞாயிற்றோடும் திங்களோடும் தொடர்புபடுத்தாத அரசமரபு உலகில் எங்குமில்லை யாதலின், இதனைப் பெரிது பாராட்டவும் வேண்டா. எள்ளி நகையாடவும் வேண்டா. இக்கால வரலாற்றாசிரியர் இதனை ஏற்பதில்லை. ஐயமின்றி ஆண்டு குறித்துச் சொல்லத்தக்க முதற் றலைவன் ஒற்றைக்கண்ணன் எனப் பொருள்படும் 'காம்' என்னும் அடைபெற்ற இயான் என்பவன். கிளெனோர்க்கி என்னும் பள்ளத்தாக்கில் அவன் 1390 இல் இறந்தான் என்னுங் குறிப்பொன்று ஏட்டில் எஞ்சியுள்ளது. அவனுக்கு முன்னுள்ளன எல்லாம் பாணர் வாய்மொழியே.

அப்பாணர் வாய்மொழியையும் ஏட்டிலேற்றி வைத்தவர் அக்குடியில் தோன்றிய ஒருவரே. யேம்சு மக்கிரெகர் என்னும் அவர் லிஸ்மோர்த் திருச்சபையின் டீன். போற்றிங்கால் என்னும் ஊரிற் குருத்துவப் பணியோடு நொத்தாரிசுத் தொழிலும் புரிந்தவர். ஏறத்தாழ 1512 முதல் 1542 வரையுள்ள காலத்தில் அவரும் அவர் தம்பி டங்கன் என்பாரும் தொகுத்த கையெழுத்துச் சுவடி 'லிஸ்மோர் டீன் நூல்' எனப் பெயர்பெற்று எடின்பரோவிலுள்ள நாட்டு நூலகத்தில் இருக்கின்றது. கெயிலிக்குப் பாடல்கள் பலவும் மக்கிரெகர் தலைவரின் வமிசாவளியும் அதிலே உள. ஆனால் அதனைப் படித்தல் எளிதன்று. கெயிலிக்கு மொழிக்குரிய எழுத்துமுறையை விடுத்து, ஸ்கொத்து ஆங்கிலத்தார் எழுதுமாறு, செவிக்குக் கேட்டபடி அவர் எழுதிவைத்தார். தொல்காப்பியம் பயின்ற ஒருவர் தமிழ்ப் பாட்டை உரோம எழுத்திலே தம் மனம்போனவாறு எழுதி வைத்துச் சென்றாரென வைத்துக்கொள்வோம். நானூறு ஆண்டு கழித்து அதனை எடுத்துப் படிப்பவர் படும் பாடே இந்நூலைப் பதிப்பித்த அறிஞர்கள் பட்டது. ஏடு சிதையாதிருப்பது போதாது. எழுத்துமரபும் சிதையாதிருத்தல் வேண்டும்.

இனி, இக்குடியாரின் துன்பத்திற்கு மூலம் யாதென ஆராயின், அது நிலம். மக்கிரெகர் வாழ்ந்த பள்ளத்தாக்குக்களின்மேல் அரசன் முத்திரையிட்ட உறுதியைக் கையிற் கொண்டவர் கம்பல் குடியார். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளெனோர்க்கிக் கம்பல் தலைவன் கில்க்கூர்ண் கோட்டையைக் கட்டி அமர்ந்தபின், தலைமுறை தலைமுறையாக நிலத்தை ஆண்டுவந்தார் குடிவாரத்தார் ஆயினர். உறுதி வைத்திருந்தார் உடையவர் ஆயினர். ஆட்சி ஒருவரிடமும் ஏடு மற்றொருவரிடமும் இருக்கும்பொழுது எது வெல்லும் என்பதைக் காணி வழக்காடிய எவரும் அறிவர்.

1570 ஆம் ஆண்டு சித்திரை, அஃதாவது ஏப்பிரில், 7 ஆம் நாள், கிளென்ஸ்திரேத் தலைவனாகிய கிரெகர் மக்கிரெகர் என்பான், கிளெனோர்க்கியின் கொலின் கம்பலாற் றலை துணிக்கப்பட்டான். கம்பல் குடியினர் தம் பெருமைகளைத் தாமே எழுதுவித்து வைத்த 'ரேமவுத்துக் கருநூல்' இச்செயலைத் தலைவன் ஒருவனின் வெற்றிகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. 1598 இல் எழுதத் தொடங்கிய நூல் அது. அதனை மாத்திரம் படிப்பவன், கலகக்காரன் ஒருவன் முறைப்படி ஒறுக்கப்பட்டான் என்றே முடிவுசெய்வான். ஆனால் இந்நிகழ்ச்சிக்கு மற்றொரு சான்றும் உண்டு. அஃது ஒரு தாலாட்டு.

கிரெகரின் மனைவி மரியன், கம்பல் குலத்தவள். கிளென்லையன் பள்ளத்தாக்குத் தலைவன் டங்கன் கம்பலின் மகள். பிறந்த குடியே புகுந்த குடியின் தலைவனைக் கொன்றது. கணவனை இழந்த அவள் கைக்குழந்தையை மடியில் வைத்துத் தாலாட்டுவது போலவே புலம்பிய பாட்டு 'கிரியோகல் கிரீ' எனும் பெயரால் நானூற்றைம்பது ஆண்டாகியும் கெயிலிக்கு மக்கள் நாவில் வழங்குகின்றது. குழந்தையை உறங்கச் செய்யும் இசையும் தன் குலத்தாரைச் சபிக்கும் சொல்லும் அதிலே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கருநூலில் இல்லாத செய்தி இப்பாட்டிலே உண்டு. அந்தக் கொலையை ஒரு வீடு எவ்வாறு அனுபவித்தது என்பதே அது. குடிவரலாறு எழுதுவோர் ஆவணக் களரிக்கு மாத்திரம் சென்று, பாட்டியர் வாயிலுள்ளதைக் கேளாது விடுவது பெருங்குறை என்பது எமது துணிபு.

அக் கிரெகருக்கும் மரியனுக்கும் மக்கள் இருவர். மூத்தவன் அலஸ்தெயர், இளையவன் கரிய இயான். 1603 பெப்புருவரியில் லோமண்டு ஏரிக்கு அண்மையிலுள்ள கிளென்புரூயின் என்னுமிடத்தில், அலஸ்தெயரின் தலைமையில் மக்கிரெகர் படை கொகூன் குடியாரை எதிர்த்தது. (இப்பெயர் எழுதப்படுவது வேறு, ஒலிக்கப்படுவது வேறு, ஆங்கிலேயரே இடறுவர்.) கொகூன் பக்கத்தார் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மக்கிரெகர் பக்கத்தில் மடிந்தார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவன் இளையவனாகிய இயான்.

அந்நாளில் எலிசபெத்து அரசியார் இறந்து, ஸ்கொத்லாந்தின் ஆறாம் யேம்சு இங்கிலாந்துக்கும் அரசனானான். முடிசூட இலண்டனுக்குப் புறப்படுமுன், ஏப்பிரில் 3 ஆம் நாள், அவனது மந்திராலோசனைச் சபை ஓர் ஆணை பிறப்பித்தது. மக்கிரெகர் என்னும் பெயர் இனி இல்லை, அப்பெயரினர் எல்லாரும் வேறு பெயர் பூணல் வேண்டும், மறுப்பார்க்கு மரணம். அலஸ்தெயர், தன்னை இங்கிலாந்துக்கு அனுப்புவதாக ஆர்கைல் பிரபு கொடுத்த வாக்கை நம்பிச் சரணடைந்தான். பிரபுவும் வாக்குத் தவறவில்லை. எல்லை கடத்தி இங்கிலாந்து மண்ணை மிதிக்கச் செய்து, உடனே திருப்பிக் கொணர்ந்தான். 1604 சனவரி 20 ஆம் நாள் எடின்பரோவில் அலஸ்தெயர் தூக்கிலிடப்பட்டான். உடன் தூக்கிலிடப்பட்டாரினும் ஓர் ஆள் உயரம் மேலே, தலைவன் என்னும் மதிப்புக்காக! அவன் இறுதியில் அளித்த வாக்குமூலம் அச்சாகி உள்ளது. கொகூன்களின்மேற் சென்று பொருதுமாறு தன்னை ஏவியவனே ஆர்கைல் பிரபு தான் என்கின்றான் அதிலே.

ஆணை அத்துடன் அடங்கவில்லை. உணவை அரியும் முனைமழுங்கிய கத்தியன்றி வேறு கருவி தாங்கலாகாது என்றும், நால்வர்க்கு மேற் கூடலாகாது என்றும் அடுத்தடுத்துக் கட்டளைகள் வந்தன. 1617 இற் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் கூறுங் காரணம் கருதத்தக்கது. அக்குடிப் பிள்ளைகள் பலர் பருவம் எய்துகின்றனர். அவர் தம் பழம்பெயரை மீட்டும் பூண்டால் குடி முன்போற் பெருகிவிடும் என்பதே அது. வாளினால் ஆகாததைப் பெயர்நீக்கத்தால் ஆக்கலாம் என எண்ணிய ஆட்சியாளரின் அறிவு நுட்பமானதே, கொடியதும் அதுவே. 1633 இல் மற்றொரு சட்டம். அப்பெயரால் எக்குருவும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தலாகாது. எந்த நொத்தாரிசும் அப்பெயரில் உறுதி எழுதலாகாது.

வமிசாவளி தேடுவார்க்கு இதனிற் பெரிய இடர் வேறில்லை. பிறந்தமைக்குச் சான்று கோயிற்பற்றுத் தோம்பு. பொருளுடைமைக்குச் சான்று நொத்தாரிசின் உறுதி. இவ்விரண்டு வாயில்களையும் 1633 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருங்கே அடைத்தது. மக்கிரெகர் பிள்ளைகள் பிறவாமல் இருந்தாரல்லர். மரே, திரம்மொண்டு, கிரகம், ஸ்ரெலிங்கு, கிராந்து எனப் புரவலர் பெயரையோ தாயார் பெயரையோ பூண்டு பிறந்தனர். சிலர் தம்மைக் கருவறுத்த கம்பல் குடியின் பெயரையே பூண்டனர். பகைவன் பெயரே பாதுகாப்பான போர்வை என எண்ணினர் போலும்.

றொப் றோய் என உலகறிந்த வீரனை இங்கே எடுத்துக்காட்டலாம். புக்கானன் கோயிற்பற்றுத் தோம்பில், 1671 மார்ச்சு 7 ஆம் நாள், டொனல்ட் மக்கிரெகருக்கும் மாகிரட் கம்பலுக்கும் பிறந்த மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த குறிப்பு இருக்கின்றது. விலக்கப்பட்ட பெயர் அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டது எவ்வாறு? இரண்டாம் சாள்சு 1661 இல் அச்சட்டத்தை நீக்கியிருந்தான். 1693 இல் அது திரும்பவும் வந்தது. அதன்பின் அதே மனிதன் தாயின் குடிப்பெயரால் றொபர்ட் கம்பல் எனக் கையொப்பமிட்டான். கால்நடை வணிகஞ் செய்தும், கடனாளியாகிக் காடு புகுந்தும் வாழ்ந்து, 1734 திசம்பரில் இறந்து, பல்குவிடரிற் புதைக்கப்பட்டான். சட்டங்களின் ஆண்டுகளை அறியாது தோம்பை மாத்திரம் பார்ப்பவனுக்கு மக்கிரெகர் மகன் ஒருவன் காணாமற் போயினான். கம்பல் ஒருவன் எங்கிருந்தோ தோன்றினான். சட்டத்தையும் தோம்பையும் ஒருங்கு வைத்துப் படிப்பவனுக்கே இருவரும் ஒருவராவர்.

ஸ்கொத்லாந்தின் ஆவணங்கள் மற்றெவ்வகையிலும் ஆராய்வார்க்கு வாய்ப்பானவையே. மிகப் பழைய கோயிற்பற்றுத் தோம்பு பேர்த்சயரிலுள்ள எரல் என்னும் ஊருக்குரியது. 1553 இல் தொடங்குவது. எனினும் மலைப்பகுதித் தோம்புகள் பல மிகப் பிந்தியனவே. 1855 சனவரி முதல் அரசாங்கப் பதிவு தொடங்கிற்று. அவ்வோராண்டுப் பத்திரங்கள் மிக விரிவானவை. வேலைப்பளு தாங்காமல் மறு ஆண்டிலேயே சுருக்கிவிட்டனர். மணமான பெண்டிரின் பிறந்தகத்துப் பெயர் அந்நாட்டு ஆவணங்களிலும் கல்லறைகளிலும் மறையாது நிற்றல் பெரும் உதவி. பெயரிடும் வழக்கும் துணை செய்யும். மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்றவன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்றவன் பெயர் என அடைவே இடுதல் பெரும்பான்மை வழக்கு. நாம் பெயரன் என்று மகன் மகனைக் கூறுவதும், யாழ்ப்பாணத்தார் பாட்டனையே பேரன் என்று கூறுவதும் நினைக்கத்தக்கன. ஒரு பெயரின் இரண்டு முனையிலும் நிற்பவர் அவரிருவரும். குடிப்பெயர் மாறினும் இடுபெயர் மாறாமையால், திரம்மொண்டு என எழுதப்பட்ட ஒரு வீட்டிலே கிரெகர், அலஸ்தெயர், டங்கன் என்னும் பெயர்கள் தலைமுறைதோறும் சுழன்று வருமாயின், தேடுவோன் அங்கே சற்று நின்று நோக்குதல் நன்று. 1633 ஆம் ஆண்டுச் சட்டம் கிரெகர் என்னும் இடுபெயரையும் விலக்க முயன்றமையின் காரணம் இப்பொழுது விளங்கும்.

1774 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் விலக்கை முற்றாக நீக்கிற்று. உடனே எழுந்த வினா, தலைவன் யார் என்பது. லான்ரிக்கு என்னும் இடத்துக்குரிய யோன் மரே, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வங்காளப் படையில் அலுவல் பார்த்தவர், தாமே உரியவர் என்றார். அவரை ஏற்று 826 பேர் கையொப்பமிட்ட பத்திரம் ஒன்று உண்டு. நூற்றெழுபது ஆண்டு பெயரின்றி இருந்த ஒரு குடி, தன்னைத் தானே எண்ணிப் பார்த்த முதற் கணக்கு அஃதெனலாம். கிளென்கைல் கிளையார் முதலிய சிலர் இதற்கு இசையவில்லை. இசையாமை அக்குடியின் பழைய இயல்பே. யோன் மரே 1795 இற் பரோனெட்டுப் பட்டம் பெற்றார். 1817 இறுதியில் வோல்ற்றர் ஸ்கொத்தின் 'றொப் றோய்' நாவல் வெளிவந்தபின், முன்னர்க் கள்வர் குடி என வெறுக்கப்பட்ட பெயர் நாடெங்கும் மதிப்புப் பெற்றது. 1822 இல் நான்காம் ஜோர்ஜு எடின்பரோவுக்கு எழுந்தருளிய பொழுது, ஸ்கொத்லாந்தின் மணிமுடி செல்லும் ஊர்வலத்துக்குக் காவலாக மக்கிரெகர் வீரர் நிறுத்தப்பட்டனர். முனைமழுங்கிய கத்தியன்றி ஒன்றும் தாங்கலாகாதென ஒறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் உருவிய வாளுடன் முடியைக் காத்தனர். அவ்வாண்டிலேயே கிரெகர் குடிச் சங்கமும் நிறுவப்பட்டது. 1898 இலும் 1901 இலும் அச்சான இரு பாகக் குடிவரலாற்றை எழுதியவர் அக்குடியிற் றோன்றிய அமேலியா மரே மக்கிரெகர் என்னும் பெருமாட்டியார்; ஆவணங்களை முழுமையாக எடுத்துத் தந்தமையால் இன்றும் பயன்படும் நூல் அது.

பெயர் மீண்டமை, ஒரு புதிய மயக்கத்தையும் உண்டாக்கிற்று. வீரமரபு என்று ஆனபின் கிரெகரி, கிரெய்க்கு, கிங்கு, வைட்டு, பிளாக்கு என்றிவ்வாறான பெயருடையார் பலரும் தாம் மறைந்து வாழ்ந்த மக்கிரெகரே எனக் கூறலாயினர். நோர்வே நாட்டின் இசைவாணராகிய எட்வேர்ட் கிரீக்கின் முன்னோன் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் அபர்தீன்சயர்க் கரையிலிருந்து பேர்கனுக்குச் சென்ற கிரெய்க்கு என்பவர். அவரையும் இக்குடியிற் சேர்த்துப் பேசுவர். கிரெய்க்கு என்பது கிரெகரி என்னும் இடுபெயரின் குறுக்கமேயாகலின், எந்தக் கிரெகரியின் மகனுக்கும் அஃது அமையலாம். மாற்றுப்பெயர் பூண்டார் பலர் என்பது, அப்பெயருடையார் எல்லாரும் மாற்றிப் பூண்டவர் என்பதற்குச் சான்றாகாது. இந்த அளவை வழு குலப்பெருமை பேசும் நூல்கள் எல்லாவற்றிலும் மலிந்து கிடக்கின்றது.

இவ்வழுவைத் திருத்தும் கருவி ஒன்று நம் காலத்தில் வாய்த்திருக்கின்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு மாத்திரம் இறங்கும் ஒரு மரபணுக்கூறு, பெயர் எவ்வாறு மாறினும் தான் பெரிதும் மாறாது செல்வது. அதனை ஒப்பிட்டு நோக்கியபொழுது, ஒற்றைக்கண் இயானின் வழியதெனக் கொள்ளப்படும் ஒரு கூறு மக்கிரெகர் எனப் பெயரிய ஆடவர் பலரிடம் காணப்பட்டது. ஸ்ரெலிங்கு முதலிய வேறு பெயருடையார் சிலரிடமும் அதுவே காணப்பட்டது. இவர்களே மீளாத மக்கிரெகர். ஆயின் மக்கிரெகர் எனப் பெயரியும் அக்கூறு இல்லாதாரும் பலர் உளர். தலைவனின் நிழலில் வாழ்ந்து அவன் பெயரைப் பூண்டவர், எடுத்து வளர்க்கப்பட்டவர், தாய்வழியாற் பெயர் கொண்டவர் என இவர்கள் பலதிறத்தினர். இவரைக் குடியினரல்லர் என விலக்குதல் முறையா? 1603 இல் பெயர் ஒன்றையே நோக்கி ஒறுத்தனர். குருதியைச் சோதித்து ஒறுக்கவில்லை. பெயருக்காகத் துன்புற்றவன் மரபினனுக்கு அப்பெயர்மேல் உள்ள உரிமையை ஆய்வுகூடம் அளந்து சொல்ல மாட்டாது.

ஸ்கொத்தியர் சந்ததியைத் தேடுவோர் நம் நாட்டுக்கும் வருகின்றனர். கின்கார்டின்சயரிற் பிறந்த யேம்சு ரெயிலர் 1867 இல் லூல்கந்துரையிற் றேயிலை பயிரிட்டமை யாவரும் அறிந்தது. அவர்போல் வந்த துரைமார் தம் ஊர்ப்பெயர்களையும் உடன் கொணர்ந்தனர். அக்கரப்பத்தனைப் பகுதியில் கிளென்லையன் என ஒரு தோட்டம் உண்டு. மரியன் பிறந்த பள்ளத்தாக்கின் பெயர் அது. இங்கே இறந்த துரைமாரின் கல்லறை எழுத்துக்களை 1913 இல் பென்றி லூவிசு என்பார் நூலாக்கினார். ஆதலின் துரைமாரைத் தேடல் எளிது. ஆயின் அவர் சிலர்க்குத் தோட்டத் தொழிலாளப் பெண்டிரிடம் பிறந்த பிள்ளைகளும் இம்மலைநாட்டில் வாழ்ந்தனர். அவர்களுட் பலர்க்குத் தந்தை பெயர் எவ்வேட்டிலும் எழுதப்படவில்லை. அதனை விலக்கச் சட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் வழியினரும் இப்பொழுது தம் பாட்டன் யாவன் என வினவத் தொடங்கியுள்ளனர். அவர்க்குத் தோம்பு உதவாது. தாயார் சொல்லிச் சென்றதும், முன்னர்க் கூறிய மரபணுக்கூறும், எங்கேனும் ஒரு பெட்டியில் எஞ்சிய கடிதமுமே உதவல் வேண்டும்.